கேட்டில் வைக்கும் போன்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு அறையைக் காட்டுகிறேன். விருதுநகரில் மனநல மருத்துவரின் அறை அது. மின்விசிறிக் காற்றில் திரைச்சீலை ஏறி இறங்குகிறது. மனச்சோர்வில் மாதக்கணக்காகப் பேச்சடங்கிக் கிடந்த மகள் ஸ்ரீமதி, துப்பட்டா நுனியைச் சுருட்டியபடி, "அப்பா, எனக்கு..." என்று இப்போதுதான் வாய் திறக்கிறாள். தாய் பொன்னுத்தங்கம் அவள் பக்கம் சாய்கிறாள். அப்பா காசிராஜனின் போன் அலறுகிறது. "தீபாவளி சீசன் லோடும்மா, ஒரு நிமிசம்" என்று எழுகிறார். "நம்ம பட்டாசுக் கம்பெனில, வெடிச்சிரும்னு போனைக் கேட்டுலயே கொடுத்துட்டுத்தானே உள்ள போறீக? இங்கன நம்ம புள்ளைல்ல இருக்கா!" பொன்னுத்தங்கம் சொல்லி முடிக்குமுன்னே கதவு சாத்திக்கொள்கிறது. கதவுக் கண்ணாடிக்கு அப்பால் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். ஸ்ரீமதி சுருட்டிய துப்பட்டாவை விரித்து மடிமேல் நீவுகிறாள், வாய் மூடிவிட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளை வாய் திறக்கிற நேரம், பெற்றவர்களின் காது பக்கத்திலேயே இருக்கட்டும், மக்கா. குடும்பத்தோடு நல்லா இருங்கள்.