பெயர் இல்லாத பாட்டு
ஹர்கேசா நகரத்தின் ஓரத்தில், காலை வெயில் தகரக் கூரைகளில் ஏறும் நேரம். பால் வாங்க வந்த நாவலாசிரியர் கூலேத், வேலிப்படலைத் தொட்ட கையை எடுக்காமல் அப்படியே நிற்கிறார். உள்ளே பால்காரி ஷுக்ரி தயிர்க்குடுவையை மடியில் சாய்த்து, வெண்ணெய் திரள முன்னும் பின்னும் ஆட்டியபடி பாடுகிறாள். 'குடுவையே, நீயாவது கேள். மழையைத் தேடிப் போனான் என் வீட்டுக்காரன். மழையே வந்து திரும்பிப் போயிற்று.' புருஷனிடம் சொல்ல முடியாததை எல்லாம் இங்கே பெண்கள் குடுவையிடம்தான் சொல்வார்கள். கூலேத்துக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஊரே மெச்சும் அவருடைய எழுத்து நடை, தயங்கித் தயங்கிச் சட்டென்று துள்ளும் அந்த நடை, இந்தக் குடுவைக்குள் களுக் களுக்கென்று புரண்டுகொண்டிருக்கிறது! மாலைக் கூட்டத்தில் வாசிக்கவேண்டிய தாள் சட்டைப்பையில் இருக்கிறது. அவரை எழுத்தாளராக ஆக்கிய கவிஞர்கள் பதினொரு பேரின் பெயர்கள் அதில். அத்தனை பேரும் ஆண்கள். கட்டியவர் பெயரை முதலில் சொல்லாமல் கவிதையைச் சொன்னால் இந்த ஊரில் அது திருட்டு. "யாரும்மா கட்டின பாட்டு இது?" என்கிறார். ஷுக்ரி சிரிக்கிறாள். "நல்லா கேட்டீங்க அண்ணே! வெண்ணெய்க்குப் பாடுற பாட்டுக்கு யாரு பேரு சொல்றா? பொம்பளைங்க பாடுறோம், அவ்வளவுதான். பாத்திரத்த நீட்டுங்க." அவர் தாளை எடுக்கிறார். பதினொரு பெயர்களுக்கும் மேலே ஒன்று என்று எண் போடுகிறார். அதன் பக்கத்தில் பெயருக்கான இடத்தை வெறுமையாக விடுகிறார். குடுவை மறுபடி ஆடத் தொடங்குகிறது.