ரத்தம் கொடுத்த பிறகு

"காலைல தைராய்டு மாத்திரை போட்டீங்களா?" என்று ஊசி உறையைப் பிரித்தபடி கேட்டாள், ரத்தம் எடுக்கும் பெண்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "இல்லம்மா. இன்னைக்கு நான் எடுத்தே வைக்கல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தவள் பிரிந்து போய் நான்கு வருடமாகிறது. அவளுக்கும் இதே வியாதி, இதே மாத்திரை. "அண்ணி கண்ணு முழிக்கும்போதே எங்கண்ணன் மாத்திரையும் தண்ணியுமா நிப்பாரு" என்று, நான் வந்த வாரமே நாத்தனார் காதில் போட்டுவிட்டாள். இன்னமும் அவளைத்தான் அண்ணி என்கிறாள்.

தினமும் ஆறு மணிக்கு அவர் டம்ளரை நீட்டும்போதெல்லாம், யாருக்கோ அளவெடுத்துத் தைத்த ரவிக்கையை மாட்டிக்கொண்டது போலிருக்கும்.

இன்று அதுவும் வரவில்லை. அவளுக்கென்றால் ஒருநாளும் மறக்காதவர்! நானே டப்பாவைத் தேடியெடுத்து, வீம்புக்கு ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

"போட்டுட்டேன்," என்றேன்.

அந்தப் பெண் ஊசியைக் கீழே வைத்தாள். போட்ட கையோடு ரத்தம் எடுத்தால் தைராய்டு அளவு கூடுதலாகக் காட்டுமாம். நாளைக்கு மாத்திரை போடாமல் வரச் சொன்னாள். ரத்தம் கொடுத்த பிறகு போட்டால் போதும்.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் சொன்னார்.

"அவகிட்ட யாரும் இப்படிக் கேக்கல. நானே மாத்திரையக் குடுத்துக் கூட்டிட்டுப் போனேன். அளவு ஜாஸ்தின்னு டோஸக் குறைச்சுட்டாங்க. மருந்து பத்தாம எட்டு மாசம் எந்திரிக்கவே முடியாம கெடந்தா. சோம்பேறின்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதுலதான் போயிட்டா."

போன வாரம் இந்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்க அவர் மட்டும் போனபோது, மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அவருக்கே விஷயம் உறைத்திருக்கிறது.

"அவளுக்கு இது தெரியுமா?"

இல்லையென்று தலையாட்டினார். தன்னைச் சோம்பேறி என்றே அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கலாம். உடம்புதான் காரணம் என்று தெரிந்தால் மனம் ஆறலாம். இவரை மன்னிக்கலாம். ஒருநாள் வீட்டுப் படியேறியும் வரலாம்.

"ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிடவா?" என்று என்னைக் கேட்டார், குழந்தை அனுமதி கேட்பது போல.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே எதுக்குங்க?" என்றேன்.