முதல் சிலிண்டரின் பெருமை

பிக்கப் வண்டி எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ரேடியேட்டர் பக்கமிருந்து எண்ணினால் முதலில் நிற்பவருக்குப் பெருமை தாங்காது.

"நான் வெடிச்சாத்தான் மூணாவது வெடிப்பான், அப்புறம் நாலாவது. பேருக்குத்தான் நீ ரெண்டு, உன் முறை கடைசி" என்று பக்கத்திலிருந்த இரண்டாமவனைச் சீண்டுவார்.

ஒருநாள் வண்டி குலுங்கி இருமியது. "எல்லாம் இந்தக் கடைசிப் பயலாலதான்" என்றார்.

எது வேலை செய்யவில்லை என்று பார்க்க, மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, சிலிண்டர்களுக்குத் தீப்பொறி தரும் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். இரண்டாமவனுடையதைக் கழற்றியதும் எஞ்சின் அணையப் பார்த்தது. மூன்றுக்கும் நான்குக்கும் அப்படியே. முதலாமவருடையதைக் கழற்றியபோது சத்தம் துளிகூட மாறவில்லை.

"அப்போ இத்தனை நாளா என்னண்ணே பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்றான் இரண்டாமவன்.

முதலாமவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "தலைமை தாங்கிக்கிட்டிருந்தேன் தம்பி."