கடலை தின்ன குற்றம்

சிலிண்டர் போட வருகிறவருக்கு எதற்கு அவித்த கடலை? சம்பளம் வாங்குகிறார், வேலை செய்கிறார், அதோடு முடிந்தது. அம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியாச்சு. கேட்டால்தானே.

இப்போது கேஸ் ஏஜென்சியிலிருந்து போன். செந்தமிழன் அண்ணன் கஸ்டமர் வீட்டில் வாங்கித் தின்றார் என்று புகார் வந்திருக்கிறதாம். வேலையை விட்டே தூக்கப் போகிறார்களாம். கொடுத்தது உங்கள் அம்மா மீனம்மாதானே, நேரில் வந்து சொல்லச் சொல்லுங்கள் என்றார்கள்.

குளத்தூருக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

"இவருக்கு முன்னாடி செம்மல் அண்ணனும்தான் நம்ம தெருவுக்கு சிலிண்டர் போட வந்துச்சு. ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்குமா? இவரும் அப்படி இருந்தா இந்தக் கதி வருமா?"

ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறவளுக்கு வாய் மட்டும் வளருது என்று அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

செம்மல் அண்ணன் சிலிண்டரை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். உள்ளே உருட்டிக்கொண்டு போய் மாட்டுவது எங்கள் பாடு. பொம்பளைகள் இருக்கிற வீட்டுக்குள் நுழையாத மனுசன் என்று அம்மாவே பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறது.

செந்தமிழன் அண்ணன் அப்படியில்லை. அடுப்படி வரைக்கும் வந்து, மாட்டி, சோப்புத் தண்ணி தடவி, கேஸ் கசிகிறதா என்று பார்ப்பார். அன்றைக்கு வாசலில் விறகடுப்பில் கடலை வெந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு தட்டில் அள்ளி நீட்டியது. உட்கார்ந்து தின்றார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று குறை வேறு சொன்னார்.

ஏஜென்சியில் அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் ஞானமணி எங்களை உட்காரச் சொன்னார். செந்தமிழன் கேட்டு வாங்கினாரா என்று விசாரித்தார். இல்லை, நானாகத்தான் கொடுத்தேன் என்றது அம்மா.

கேட்காமல் கொடுத்தாலும் வாங்கக் கூடாது, அதுதான் ரூல் என்றார் மேனேஜர். இன்றைக்குக் கடலை, நாளைக்கு வேற ஏதாவது என்று ஆகிவிடுமாம். செம்மலைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று செந்தமிழன் அண்ணனுக்கு அட்வைஸ். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

செந்தமிழன் அண்ணன் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"தட்டை நீட்டுறாங்க சார். வேணாம்னு சொன்னா அவங்களுக்கு எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கும்? ஒண்ணும் இருக்காது. ரூலுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான?"



அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் மெயின் தெரு சிவரஞ்சனி அக்கா வந்தார். கேஸ் கனெக்‌ஷனுக்குக் கைரேகை வைக்க வந்தவர். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. அதை மேனேஜர் மேசை மேல் வைத்தார்.

"செம்மல் அண்ணன்கிட்ட குடுத்துருங்க சார். பணியாரம். காலையில சிலிண்டர் போட்டுட்டு, காபி குடிச்சிட்டு, இதை மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு."

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் டப்பாவைப் பார்த்தார்.

"இது மட்டும் வாங்கலாமா சார்?" என்றேன்.

"அது... தெரிஞ்சவங்க அன்பாக் குடுக்கிறதும்மா."

"எங்கம்மா என்ன பகையாவா குடுத்துச்சு?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தது. சிவரஞ்சனி அக்கா அப்போதுதான் எங்களைக் கவனித்தார். விஷயம் புரிந்ததும் சிரித்த முகமாகவே சொன்னார், என்னமோ எங்களுக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி.

"ஐயோ, நான் கடலைக்காகப் புகார் சொல்லல. அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தவரை காபி சாப்பிடுறீங்களான்னு கேட்டேன். வேணாங்க, இப்பத்தான் காலனியில மீனம்மா அக்கா வீட்டுல உக்காந்து கடலை தின்னேன்னு சொல்றாரு. சொல்லிக்கிட்டே எங்க அடுப்படிக்குள்ள வந்துட்டாரு. நாங்க சாமி கும்பிடுற வீடு. அங்கிட்டு சாப்பிடுற ஆளை இங்கிட்டு அனுப்பாதீங்கன்னுதான் சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அதன் முகத்தில் அதிர்ச்சி எதுவுமே இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப அதையே எழுதி வேலையை விட்டுத் தூக்குங்க சார். கடலை தின்னதுக்குன்னு எழுதாதீங்க. எங்க வீட்டுல தின்னதுக்குன்னு எழுதுங்க. நாங்க அதை எங்க கொண்டுபோய்க் காட்டணுமோ அங்க காட்டிக்கிறோம்."

சிவரஞ்சனி அக்கா, கைரேகையை அப்புறம் வந்து வைக்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

மேனேஜர் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். செந்தமிழன் அண்ணனை வண்டியில் லோடு ஏற்றச் சொன்னார். புகாரை இதோடு விட்டுவிடலாம் என்றார். பிறகு அம்மா பக்கம் குனிந்து, பெரிய உபகாரம் செய்கிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா ஒண்ணும்மா. ஒங்க தெருவுக்கு இனிமே செம்மலே வரட்டும். ஒரு பிரச்சினையும் வராது."

வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த அம்மா எழுந்து நின்றது.

"வேணாங்க சார். எங்க வீட்டுல கை நனைக்கிற ஆளா அனுப்புங்க."