ஓட்டை இல்லாத கலன்

மதிய வெயில் ஜன்னல் வழியே வந்து, வெற்றிடக் கலனின் எஃகு வயிற்றில் பட்டுக் கண் கூசுகிறது. அதன் மூட்டுகளைப் பற்றவைத்தவன் கணவன். உள்ளே ஒரு மெல்லிய படலத்தைப் பாடுபட்டு வளர்த்தவள் மனைவி. நாளைக் காலை இந்த ஆய்வறை வேறொரு குழுவின் கைக்குப் போகிறது. அதற்குள் கலனின் அழுத்தம் இன்னும் இறங்கினால்தான் படலத்தை அளக்க முடியும். பம்பு ஓயாமல் இரைகிறது; திரையில் கோடு இறங்க மாட்டேன் என்கிறது. அவன் மண்டியிட்டு, தான் பற்றவைத்த ஓரமெல்லாம் ஹீலியம் குழாயை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறான். ஓட்டை இருந்தால் ஹீலியம் உள்ளே புகும், கருவி கத்தும். கத்தவில்லை. "இன்னொரு தடவை பாக்கறேன்மா. எங்கயாவது சொதப்பியிருப்பேன்." "விடுப்பா. நீ நல்லாத்தான் பத்தவச்சிருக்க." குற்றம் சாட்டுவதைப் போல அவள் அதைச் சொல்கிறாள். ஓட்டையென்றால் சாயங்காலத்துக்குள் அடைத்துவிடலாம். கலனுக்குள் வருவதோ ஹைட்ரஜன், உருக்கிய நாளிலேயே எஃகுக்குள் புகுந்துகொண்டது, இப்போது மேனியெல்லாம் கசிகிறது. வெறுங்கலனாக்கி உலையில் சுட்டால்தான் போகும். திறந்தாலோ, காற்றுப் பட்டுப் படலம் பாழ். அவன் மறுபடியும் குழாயை நீட்டுகிறான். அவள் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பம்பை நிறுத்துகிறாள். அறையில் இருவரின் மூச்சு மட்டும் கேட்கிறது. "நாளைக்கு வேற யாரோ தொறக்கறதுக்குப் பதிலா நானே தொறந்துடறேன்." வால்வைத் திருகுகிறாள். காற்று சீறிக்கொண்டு உள்ளே பாய்கிறது. அவன் சட்டென்று உள்ளங்கையால் வால்வின் வாயைப் பொத்துகிறான். "கைய எடுப்பா," என்கிறாள். அவன் எடுக்கவில்லை.