மாத்திரை போட்டியா?

மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதால் செண்பகவல்லியைப் பின்னறையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மனநோய்க்கு அவள் வருடக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறாள். அந்த வீடு தினமும் சாப்பிடுவது அவள் சமையலைத்தான். வருகிறவர்களுக்கான கேசரியும் அவள் கிண்டியதுதான்.

“என் பொண்ணு கல்யாணப் பேச்சுல நான் இருக்கக் கூடாதா?” என்று குரலை உயர்த்தினாள்.

கணவன் கதிரேசன் கதவைச் சாத்தியபடியே கேட்டான்: “மாத்திரை போட்டியா?”

ஒருநாள் குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் வீசியவன் அவன். அன்றைக்கு அவனை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

கூடத்தில் பேச்சுக் கேட்டது.

“பொண்ணோட அம்மாவைக் காணோமே?” என்றாள் பையனின் தாய்.

“ஊருக்குப் போயிருக்காங்க” என்றான் கதிரேசன்.

செண்பகவல்லி கதவைத் தள்ளித் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“நான்தாங்க அம்மா. மாத்திரையெல்லாம் காலையிலேயே போட்டாச்சு. இப்ப எனக்கு வந்திருக்கிறது கோபம்.”

பையன் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. ஒரு நாற்காலியும் காலியாக இல்லை.

மாப்பிள்ளைக்கு எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மகள் இளவேனில் எழுந்தாள்.

“இங்க உக்காரும்மா.”