டேப்பட் கவரின் பின்மூலை

கார் எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவர் கையோடு வந்துவிட்டது.

அவள் அதை இரண்டு கைகளாலும் தூக்கி, தரையில் விரித்திருந்த செய்தித்தாளின் மேல் வைத்தாள். குக்கர் மூடியை இறக்கி வைப்பதுபோல, அத்தனை சாதாரணமாக.

அவன் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதுதான் அவன் வயிற்றெரிச்சல். எட்டு வருடமாக இந்தக் குடியிருப்பில் யார் வண்டி மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பேட்டரிக்கு, பஞ்சருக்கு, அரைகுறையாகத் தெரிந்த மற்றதற்கெல்லாம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, அதே ஆட்கள் அதே இடத்தில் நின்று அவன் மனைவியை வேடிக்கை பார்க்கிறார்கள்.

எஞ்சினுக்கும் கவருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் பேக்கிங் போய்விட்டது, ஆயில் கசிகிறது என்று கண்டுபிடித்தவன் அவன்தான். கண்டுபிடித்ததோடு சரி. ஆறு மாதமாக, ஆகட்டும், பார்க்கலாம் என்றே ஓட்டினான்.

அவள் நான்கு வீடியோ பார்த்தாள். புதுப் பேக்கிங் வாங்கினாள். அவனுடைய பத்தாம் நம்பர் ஸ்பேனரையே எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"பட்டறையிலகூட இவ்ளோ பக்குவமாச் செய்ய மாட்டானுங்க டீச்சர்," என்றார் முதல் மாடி பொன்னுரங்கம்.

மூன்று லாரி வைத்திருப்பவர். நாமக்கல்லில் ஒரு லாரிக்காரர் வாயால் வண்டி வேலைக்கு நல்ல பெயர் வாங்குவது லேசில்லை. எட்டு வருடத்தில் அவனுக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப ஒன்றுமில்லை. கட்டிய மனைவி மேலேயே பொறாமை.

பழைய பேக்கிங் காய்ந்துபோய் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அவள் பொறுமையாகத் துண்டு துண்டாகப் பொறுக்கினாள். பனியன் வேஸ்ட் துணியால் விளிம்பு முழுக்கத் துடைத்தாள். எஞ்சினின் பின்மூலை மட்டும் அவள் நின்ற இடத்திலிருந்து தெரியாது.

அவன் நின்ற இடத்திலிருந்து தெரியும்.

அங்கே பழசு ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு.

அதன் மேல் புதுசு சரியாக உட்காராது. மறுபடி கசியும். இத்தனை பேர் பார்க்க மூடியது, இத்தனை பேர் பார்க்கக் கசியும்.

"ஏனுங்க, அந்தப் பக்கம் சுத்தமா இருக்குதுங்களா?"

டார்ச்சைக் கொஞ்சம் நகர்த்தினான். மூலை இருட்டானது.

"இருக்குது."

அவள் மூடினாள். நடு போல்ட்டில் தொடங்கி, ஒன்று விட்டு ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் முடுக்கினாள். அவன் இதுநாள்வரை ஒவ்வொன்றையும் முழுசாக முடுக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவான். முறை இதுதான் போல என்று நினைத்தபோது இன்னும் எரிந்தது.

ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் பூப்போல ஓடியது. கைதட்டினார்கள்.

"அவரு லைட் பிடிக்கலீன்னா நான் மூடியே இருக்க மாட்டேனுங்க. அந்தப் பக்கமெல்லாம் அவருதான் பாத்துச் சொன்னாரு," என்றாள் பொன்னுரங்கத்திடம்.

குரலில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினான். இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அவள் வண்டியை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"நாளையிலிருந்து பயமில்லாம மலையேறலாம்."

கொல்லிமலையில் அவள் பள்ளிக்கூடம். எழுபது கொண்டை ஊசி வளைவு. இரண்டாம் கியரில் எஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஏற வேண்டும். பின்மூலையில் கசிகிற ஆயில் நேராகக் கீழே, பழுக்கச் சூடேறிய சைலன்சர் குழாய் மேல்தான் விழும்; தீப்பிடிக்கலாம்.

இதை அவன் இதுவரை நினைக்கவில்லை. நின்றிருந்த இந்த நாலு பேரைத் தாண்டி அவன் புத்தி போகவேயில்லை.

"திரும்பக் கழட்டணும்," என்றான்.

எல்லோரும் பார்த்தார்கள்.

"பின்மூலையில பழசு ஒரு துண்டு ஒட்டியிருக்குது."

பொன்னுரங்கம் உச்சுக்கொட்டினார். "அடடா, விட்டுட்டீங்களே டீச்சர்." பிறகு அவன் தோளில் தட்டினார். "இருந்தாலும் நம்மாளு கண்ணுக்குத் தப்புமா?"

எட்டு வருடமாக அவன் கேட்க ஆசைப்பட்ட பேச்சு. சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவன் காது இரண்டும் சுட்டன.

அவள் ஸ்பேனரை எடுத்தாள். குனிந்து முதல் போல்ட்டைத் தளர்த்தினாள். இரண்டாவதையும் தளர்த்தினாள்.

அவன் டார்ச்சைப் பிடித்தான். இந்த முறை மூலைக்கு நேராக.

அவள் நிமிரவில்லை. அவனுக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாகக் கேட்டாள்.

"எப்பப் பாத்தீங்க?"